கணினிக்குத் தைத்த சட்டை

உலகத்திலேயே ஒரு கணினியின் காய்ச்சலைக் கத்தரிக்கோலால் இறக்கிய ஒரே நர்ஸ் நான்தான். அதுவும் ஒற்றைக் கையால். மறு கை சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தது. அதிலும் ஜெயித்தேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றதும் ஓய்வுபெற்றோர் சதுரங்கக் குழுவில் சேர்ந்தேன். ஆட்டமெல்லாம் இணையத்தில்தான். அண்மையில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் தோற்றேன். மூளையால் இல்லை, கடிகாரத்தால்! குதிரையை நகர்த்த மௌஸை அழுத்தினால், அந்தக் குதிரை சேணம் தேடி, லாடம் அடித்து, வீட்டில் சொல்லிக்கொண்டுதான் கிளம்பும். அதற்குள் என் நேரம் தீர்ந்திருக்கும்.

குழுத் தலைவர் போன் செய்தார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னொண்ணு தோத்தா உங்க எடத்துல வேற ஆளப் போடுறதா பேச்சு."

எனக்கு உச்சந்தலையில் அடுப்பு பற்றிக்கொண்டது.

வெளியூரில் இருக்கும் மகனைக் கூப்பிட்டேன். எடுத்த எடுப்பில், "கண்டதையும் க்ளிக் பண்ணியிருப்பீங்கம்மா" என்றான்.

"கண்டதையும் தொடுறவளாடா நான்? மாத்திரை மாத்திக் குடுத்தேன்னு ஒரு பய என்னைச் சொன்னதில்ல!"

வேண்டாததை அழிக்கச் சொன்னான். இருந்த ஆத்திரத்தில் முதலில் அவன் கல்யாண வீடியோவை அழித்தேன். வைரஸ் இருக்கிறதா என்று தேடச் சொன்னான்; ஒன்றும் இல்லை. அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் பறக்கும், பிறகு மறுபடி தவழும்.

"பழசாயிடுச்சும்மா. தூக்கிப் போடுங்க."

"எத? அதையா, என்னையா?" போனை வைத்துவிட்டேன்.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரரைச் சொல்லியாக வேண்டும். தையல்காரர். கடையை மூடியபிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. டிவி ரிமோட்டுக்குச் சட்டை, மிக்ஸிக்குப் பாவாடை, தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்வெட்டர். நான் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்தால் அளவெடுக்கும் நாடாவோடு வந்துவிடுவார். கணினிப் பெட்டிக்குத் தனிக் கவனம்: இரட்டைத் துணி, ஓரமெல்லாம் பட்டை, அடியில் ஏழெட்டு முடிச்சு, வயர்கள் வெளியே வர மட்டும் ஓட்டை. "ஒரு பொட்டுத் தூசி நுழைஞ்சா என் பேர மாத்திக்கிறேன்" என்பார். அந்த உறை வந்ததிலிருந்து எங்கள் பூனை பெட்டியின் மேல்தான் குடித்தனம். என்மேல் உள்ள பாசம் என்று நினைத்திருந்தேன்.

கடைசி வாய்ப்பான ஆட்டத்துக்கு முந்தின நாள் உறையைத் துவைக்கக் கழற்றினார். அன்று முழுக்கக் கணினி றெக்கை கட்டிப் பறந்தது. பூனை பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, வாடகை கட்டுப்படியாகாதவள் போலப் போய்விட்டது. மரமண்டை எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம், ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால், காய்ந்த உறையை மாட்டி முடிச்சுப் போட்டு, பெட்டியின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

எதிராளி 'மீசை'. ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர். எல்லாரையும் டிக்கெட் இல்லாதவர்களாகப் பார்க்கிறவர். ஆரம்பத்தில் மடமடவென்று ஆடினேன். பாதியில் பெட்டிக்குள் விசிறி விமானம் கிளம்புவதுபோல் ஊளையிட்டது. மௌஸ் நின்றது. திரையில் மீசையின் செய்தி: "அக்கா, தூங்கிட்டீங்களா? போர்வை அனுப்பவா?"

பல்லைக் கடித்தேன். அந்த நேரம் பார்த்துப் பூனை பெட்டிமேல் ஏறி, காலை மடக்கிச் சொகுசாகப் படுத்தது.

சொகுசாக!

பூனையைத் தள்ளிவிட்டு வயர் ஓட்டை வழியாக உறைக்குள் கையை விட்டேன். எத்தனை லட்சம் நெற்றியைத் தொட்ட கை இது! முட்டை வைத்திருந்தால் வெந்து, தானே தோலையும் உரித்துக்கொண்டிருக்கும்.

"ஏங்க! இதக் கழட்டுங்க! அதுக்கு மூச்சு முட்டுது!"

"ஆட்டத்து நடுவுலயா? எல்லா வயரையும் உருவணும். கம்ப்யூட்டரே நின்னுபோகும்."

"உங்க உறையாலதாங்க மெதுவாகுது!"

"சட்டை போட்டா நான் மெதுவாவா நடக்குறேன்? ஆடத் தெரியலன்னா ஒத்துக்கோ. என் தையலக் கொற சொல்லாத!"

அவருடைய பெரிய கத்தரிக்கோல் மேசைமேல் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் தொடக்கூடாதது அது ஒன்றுதான். எடுத்தேன். மேலிருந்து கீழாக ஒரே கிழி. அவர் போட்ட சத்தத்தில் அடுத்த தெருவில் பிரேக் பிடித்தார்கள். உள்ளேயிருந்து வந்த அனலில் ஜன்னல் திரை பறந்தது, பூனை பறந்தது, என் கண்ணாடி ஆவி படிந்து வெளுத்தது.

கொஞ்ச நேரத்தில் ஊளை அடங்கியது. கருகிப்போகாமல் இருக்க, சூடேறினால் கணினி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். காய்ச்சல்காரன் சுருண்டு படுப்பதுபோல. அது எழுந்து உட்கார்ந்தது. நான் மீசையின் ராஜாவை மூலையில் நெருக்கி முடித்தேன்.

விட்டாரா மனுஷன்? பாதியில் ஊர்ந்தவள் திடீரென்று பறந்தால் பக்கத்தில் யாரோ உட்கார்ந்து ஆடிக்கொடுத்திருக்கிறார்கள் என்று புகார். தலைவர் போன் செய்தார், மீசையும் இணைப்பில். நடந்ததைச் சொன்னேன்.

"கத்தரிக்கோலா?" மீசை விழுந்து விழுந்து சிரித்தார். "அடுத்து ஊசி போட்டேன்னு சொல்வீங்களா?"

தலைவருக்குச் சங்கடம். "அக்கா, கூட இருந்தது அண்ணன் மட்டுந்தானே? அவருகிட்ட குடுங்க. அப்படி நடக்கலன்னு அவர் சொன்னா ஆட்டம் செல்லாது. குழுவுலயும் நீங்க…"

முடிக்கவில்லை. முடிக்கவும் வேண்டாம்.

போனை ஸ்பீக்கரில் போட்டு வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன். கிழிந்த உறையை மடியில் போட்டுக்கொண்டு, என் முகத்தையே பார்க்காமல் இருந்தவர். நானும் கெஞ்சவில்லை. அத்தனை கோபம்.

உறையைப் பார்த்தார். எழுந்துபோய்ப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். இன்னும் சுட்டிருக்க வேண்டும், வெடுக்கென்று எடுத்தார்.

"வேற யாரும் இல்ல. இவதான் வெட்டுனா. என் கத்தரிக்கோலு."

"சரிண்ணே. வெட்டுனதுனாலதான் வேகமாச்சா?"

உறையின் கிழிந்த ஓரத்தை விரலால் நீவிவிட்டார்.

"ஆமாய்யா. நான் தச்சதுனாலதான் அது படுத்துச்சு. இவ கிழிச்சதுனாலதான் எந்திரிச்சுது. நானே கண்ணால பாத்தேன். போதுமா?"