ரசீதா கடை வழியாக

எப்சிபாவுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஓர் இளைஞனுடையது என்பதற்கு மேல் மருத்துவமனையில் எதுவும் சொல்லவில்லை. அவனைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. பேச்சு எழுந்தாலும் மாற்றிவிடுவாள்.

கூட்டமுள்ள இடங்களுக்கு ஆறு மாதம் போகக் கூடாது என்று மருத்துவர் கண்டித்துச் சொல்லியிருந்தார். சங்கரன்கோவிலில் உள்ள கிறிஸ்தவ ஆலயத்தில் இருபத்திரண்டு வருடம் கீபோர்டு வாசித்தவள் அவள். கணவர் எபினேசர் கண்காணிப்பு கேமரா மாட்டும் தொழில் செய்பவர். அவள் வாசிப்பைப் போன் வழியாக ஆலயத்துக்கு அனுப்பிப் பார்த்தார். சத்தம் பிந்தி வந்தது; பாடும் சபை முந்திப் போய்விட்டது.

"சத்தத்தையே அனுப்ப வேண்டாம் எப்சி. நீ எந்தக் கட்டையை அமுக்குத, எம்புட்டு அழுத்துத, எப்ப விடுத, அந்தத் தகவல் மட்டும் போனாப் போதும். சத்தத்தை அங்கன உள்ள கீபோர்டு போட்டுக்கிடும்."

வீட்டிலிருந்து இரண்டு தெரு தாண்டி ஆலயம் வரை கேபிள் இழுத்தார். அத்தனை தூரத்துக்கு, நடுவில் தகவலை வாங்கி மேலே தள்ளிவிட, கரண்டில் ஓடும் சின்னப் பெட்டி ஒன்று வேண்டும். பாதி வழியில் இருந்தது ரசீதாவின் தையல் கடை. கேட்டதும், மிஷினுக்கு மேலேயே ஆணி அடித்து மாட்டிக்கொள்ளச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஆனாலும் காலையில் வந்து பெட்டிக்குச் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போவாள். ஆலயத்தின் மைக் சத்தம் அதே கேபிளில் எப்சிபாவின் ஹெட்போனுக்குத் திரும்பி வந்தது.

பெரிய வெள்ளி அன்று நண்பகல் ஆராதனை. சிலுவையில் தொங்கும் மகன் தாயைப் பார்த்துப் பேசும் வார்த்தையைப் பற்றிப் போதகர் பிரசங்கம் செய்தார். பிறகு பாமாலைப் பாட்டு. முதல் சரணத்தின் கடைசிச் சுரத்தை எப்சிபா அழுத்தியிருக்கும்போதே ஹெட்போன் ஊமையானது.

போன் அடித்தது. ரசீதாதான்.

"யக்கா, இங்கன கரண்ட் போயிட்டு. பொட்டியில லைட்டே எரியல."

"பதறாத ரசீதா. என்ன செய்ய?"

"பக்கத்து மெடிக்கல்ல இன்வெர்ட்டர் இருக்கு. ஒயர் இழுத்துத் தரச் சொல்லுதேன். போனை வச்சிராதிய."

எப்சிபா கட்டையிலிருந்து விரலை எடுத்தாள். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. அந்தப் பையனுக்கும் ஓர் அம்மா இருப்பாள். மகனைக் கொடுக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டிருப்பாள். இந்த நினைப்பு வரக் கூடாது என்றுதான் ஒவ்வொரு வாரமும் அவள் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். வயிற்றின் தையல் தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதாள்.

"யக்கா, எரியுது!" என்றாள் ரசீதா.

ஹெட்போனில் சபை பாடிக்கொண்டிருந்தது. மூன்றாம் சரணம். குரல்களுக்கு அடியில் ஒரே சுரம் நிற்காமல் ஒலித்தது. அவள் அழுத்திய தகவல் போய்ச் சேர்ந்திருந்தது. விரலை எடுத்த தகவல் போகவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே பாடுகிறார்கள்.

அவள் வாசிக்கவில்லை. சரணம் முடியும் வரை கேட்டாள். பிறகு அதே கட்டையை மெல்ல அழுத்தி, விட்டாள். ஆலயம் அமைதியானது. அடுத்த பாட்டுக்கு வழக்கம்போல வாசித்தாள்.

மூன்று மணிக்கு மேல் எபினேசர் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"கீபோர்டை ஆஃப் பண்ணப் போனேன் எப்சி. போதகர் வேண்டாம்னு கையைக் காட்டிட்டாரு. கரண்ட் வந்த பெறவும் நீ ஏன் வாசிக்கல? மேலுக்கு முடியலையா?"

"மேலுக்கு நல்லாத்தான் இருக்கு. என்னங்க, அந்தப் பையனோட அம்மைக்கு ஒரு லெட்டர் எழுதணும். பேரு போடாம குடுத்தா ஆஸ்பத்திரியில சேத்துருவாங்களாமே?"

எபினேசர் மேசையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார். பொழுது சாயும் வரை உட்கார்ந்தும் அவளால் நான்கு வரிதான் எழுத முடிந்தது. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவர் அதை எடுத்துக்கொண்டு திருநெல்வேலி மருத்துவமனைக்குப் போனார்.