தர்மபுரிக்கு ஒன்றரை டிக்கெட்

கால்கள் நீண்டுகொண்டே போகின்றன, என் மடியைத் தாண்டி, சீட்டைத் தாண்டி, பஸ்ஸின் நடைவழிக்கே வந்துவிட்ட இரண்டு கால்கள், ஐந்தரை வயதில் இவற்றை ஒரே கையில் பிடித்துக் கொலுசு போட்டிருக்கிறேன், இப்போது ஏழு, நடுவில் போன ஒன்றரை வருடமும் கோர்ட் வாசலில் நின்றேன், அங்கே என் ஃபைல்தான் வளர்ந்தது. லீவுக்குக் கூட்டிப் போகிறேன் என்று என் புருஷன் பிரபாகர் எங்கள் மகள் வதனியைத் துமகூரில் அவன் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனான், திரும்பி வரவில்லை, குழந்தை தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று தர்மபுரி கோர்ட் சொல்லிவிட்டது, சொல்லி என்ன, அட்டிபெலேயில் கர்நாடக எல்லையைத் தாண்டினால் அந்தக் காகிதம் அங்கிருக்கிற கோர்ட்டின் முத்திரைக்குக் காத்துக் கிடக்க வேண்டும், ஒருவழியாக விழுந்தது, நவம்பர் இரண்டாம் தேதிக்குள் கோர்ட் அமீனா நேரில் போய்க் குழந்தையை வாங்கித் தர வேண்டும், தவறினால் மறுபடி மனு, மறுபடி வாய்தா.

நானோ மகா புத்திசாலி, ஒன்றாம் தேதி என் ராசிக்கு வெற்றி என்று தினசரி காலண்டரில் போட்டிருந்ததை நம்பி, யாரையும் கேட்காமல் ஒருநாள் முன்பே போய் இறங்குகிறேன், ஊரெங்கும் சிவப்பும் மஞ்சளுமாய்க் கொடி, மேளம், கோர்ட்டில் பூட்டு, அவர்கள் மாநிலம் பிறந்த நாளாம், தர்மபுரிக் காலண்டருக்கு அது என்ன தெரியும். போனில் வக்கீல் ஞானசேகரன் சிரிக்கிறார், இன்னிக்கு எங்கயாவது உக்காந்திருங்கம்மா, நீங்களாப் போய்ப் புள்ளையத் தூக்கினீங்கன்னா ஆர்டர் போச்சு, கடத்தல் கேஸ்தான். உட்காரத்தான் நினைத்தேன், எப்படியோ அவள் பள்ளிக்கூட மைதானத்தில் நிற்கிறேன், மேடையில் சிவப்பு மஞ்சள் பாவாடையில் என் வதனி ஆடுகிறாள், முன்வரிசையில் நாத்தனார் செல்வராணி, பஞ்சுமிட்டாய்க்காரருக்குப் பின்னால் நான், எல்லோரும் இடப்பக்கம் திரும்ப வதனி மட்டும் அப்படியே நிற்கிறாள், நாற்பது எட்டு வைத்தால் மேடை, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பி ஓடினேன், பெற்ற பிள்ளையைப் பார்த்ததும் எதிர்த்திசையில் ஓடிய வீராங்கனை ஊரில் நான் ஒருத்திதான்.

மறுநாள் காலை அமீனா ருத்ரப்பா, ஒரு பெண் போலீஸ், அவர்கள் முதுகுக்குப் பின்னால் நான், பிரபாகர் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தே இருக்கிறான், நாத்தனார்தான் வாசலை மறித்தாள், இவ யாருன்னே அதுக்கு ஞாபகமில்ல சார், வேணும்னா கேட்டுப் பாருங்க. ருத்ரப்பா முட்டி போட்டு உட்கார்ந்து குழந்தையிடம் கன்னடத்தில் ஏதோ கேட்கிறார், எனக்குக் கன்னடம் தெரியாது, அந்தக் கேள்வி தெரியும், வதனி என்னை மேலும் கீழும் பார்த்தாள், ஏம்மா நேத்து பாதியில ஓடிட்ட, அப்புறந்தான நான் தனியா ஆடுனேன். ருத்ரப்பா எழுந்து கையெழுத்து நோட்டைத் திறந்தார், நான் என் பெயரிலேயே ஓர் எழுத்தை விட்டுவிட்டுப் போட்டேன், நாத்தனார் உள்ளே போய் ஒரு பையோடு வந்தாள், ராத்திரியில இருமுவா, வெந்நி குடு, என்றாள் என் முகத்தைப் பார்க்காமல், அதுவரை அவளுக்காகச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் வீணாய்ப் போயிற்று.

பெங்களூரில் பஸ் மாறினோம், தர்மபுரிக்கு ஒன்றரை என்றேன், ஒருமுறை சொன்னாலே கண்டக்டருக்குக் கேட்கும், மூன்று முறை சொன்னேன், இப்போது அட்டிபெலே தாண்டுகிறது, பஸ்ஸில் நிற்க இடமில்லை, இந்தக் கால்களோ வழியை அடைத்துக் கிடக்கின்றன, மூட்டையோடு வந்த பெரியவர் கொஞ்சம் மடக்கச் சொல்லும்மா என்கிறார், மடக்கலாம், மனசு வரவில்லை, தாண்டிப் போங்கய்யா, என் பொண்ணு தூங்குறா, என்கிறேன், கடைசி சீட்டுக்கும் கேட்கும்படி.