மேம்பாலத்தில் டபுள்ஸ்

பொய்ப்பல் செய்கிறவன் சொல்லும் பொய்யும் கச்சிதமாகப் பொருந்திவிடும் என்பது பல்செட்டாரின் அனுபவம். கல்யாணப் பேச்சு நடந்தபோது அவர் ஒரே ஒரு பொய்தான் சொன்னார். "சைக்கிள்ல என்னை அடிச்சுக்க ஆளே கிடையாதுங்க." அந்தப் பொய் இத்தனை வருடமாக ஆடாமல் அசையாமல் குடும்பத்தின் வாயில் உட்கார்ந்திருந்தது. கொட்டை கடித்தும் கழன்று விழவில்லை.

உண்மை என்னவென்றால், சைக்கிள் சீட் எப்படி இருக்கும் என்று அவருடைய பின்புறத்துக்கு இன்றுவரை தெரியாது. அவர் கற்றது குரங்குப் பெடல் மட்டும். பெரியவர்களின் சைக்கிளில் கால் எட்டாத பிள்ளைகள், மேல்கம்பிக்குக் கீழே வலது காலை நுழைத்து, உடம்பை இடது பக்கம் தொங்கவிட்டு மிதிப்பார்களே, அதுதான். மற்ற பிள்ளைகள் வளர்ந்து சீட்டுக்கு ஏறினார்கள். இவர் ஏற வேண்டிய சமயத்தில் அப்பா சைக்கிளை விற்றுவிட்டார். அதற்குப் பிறகு அவரிடம் வளர்ந்தது வயிறுதான்.

அவர் மனைவி பார்த்தது, ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. ஊரே அவரை மாஸ்டரம்மா என்றது. ஊரில் பாதிப் பேரை ஓட்டுநராக்கியவர். மீதிப் பாதியை அவர்களிடமிருந்து காப்பாற்றியவரும் அவரே. பயிற்சிக் காரில் அவர் பக்கம் இரண்டாவது பிரேக் ஒன்று உண்டு. பகலெல்லாம் அதன்மேல் கால் வைத்து வைத்து, அந்தக் கால் ஓய்வு என்பதையே மறந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் யாராவது குழம்பைக் கொஞ்சம் வேகமாக ஊற்றினால் கால் தரையை அமுக்கும். தூக்கத்திலும் அமுக்கும். பல்செட்டாரின் முழங்காலுக்குக் கீழே எப்போதும் ஒரு நீலக் கன்றல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

அந்த அம்மாளுக்கு ஆசை ஒன்றே ஒன்று. யாராவது ஓட்ட, சும்மா உட்கார்ந்து, எதையும் கவனிக்காமல், ஒரு தடவை டபுள்ஸ் போக வேண்டும். அதற்காகத்தான் சைக்கிள்காரரைக் கட்டிக்கொண்டார். சைக்கிள்காரரோ முதலில் செயின் சரியில்லை என்றார், அப்புறம் காற்று சரியில்லை என்றார், அப்புறம் சாலை சரியில்லை என்றார். சாலை போட்ட பிறகு இடுப்பு சரியில்லை என்றார்.

இப்படியே ஓடியிருக்கும். சம்பந்தி வந்து கெடுத்தார்.

சம்பந்தி என்றால் பல்செட்டாருடைய மகளின் மாமனார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தீக்குச்சிக்கு மீசை வைத்த மாதிரி இருப்பார். அவருடைய மேல்வரிசைப் பல்செட் பல்செட்டாரின் கைவண்ணம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் புது சைக்கிளில் வந்து இறங்கினார். கேரியரில் பஞ்சு மெத்தை வேறு.

மாஸ்டரம்மா அந்த மெத்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். ஹாலில் காலண்டர் ஆடியது.

"என்ன சம்பந்தியம்மா, பெருமூச்சு?"

"ஒண்ணுமில்ல. உங்க சம்பந்தி ஒரு காலத்துல சைக்கிள்ல சூரப்புலி. நான்தான் கடைசி வரைக்கும் டபுள்ஸ் போகாமலே போயிடுவேன் போல."

"இதுக்கா இவ்வளவு. ஏறுங்க, மேம்பாலம் வரைக்கும் ஒரு ரவுண்டு நான் கூட்டிட்டுப் போறேன்."

பல்செட்டார் டீயை விழுங்கினார். அது வந்த வழியே திரும்பப் பார்த்தது. "அதெல்லாம் வேணாம் சம்பந்தி. நானே கூட்டிட்டுப் போவேன்."

"எப்போ?" என்றார் மாஸ்டரம்மா. லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களிடம் கேட்கிற குரல் அது.

"அடுத்த ஞாயிறு."

"மேம்பாலம் ஏறி இறங்கணும். நடுவுல உங்க கால் தரையில படக்கூடாது. பட்டுச்சுன்னா நான் அந்த மெத்தையில ஏறிப் போயிடுவேன். அப்புறம் ஜென்மத்துக்கும் உங்ககிட்ட கேக்க மாட்டேன்."

கடைசி வாக்கியம்தான் பல்செட்டாரைக் குத்தியது. கேட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் மனைவி. கேட்பதை நிறுத்திவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டர் மட்டும்தான்.

மறுநாள் காலை சைக்கிள் கடைக்காரரிடம் ஒரு பழைய வண்டி வாங்கினார். கடைக்காரர் வண்டியையும் பார்த்தார், வயிற்றையும் பார்த்தார்.

"ஐயா, யாருக்கு?"

"எனக்குத்தான்."

"சரி. இது நல்ல வண்டி, ஒரு குறையும் சொல்ல முடியாது. பாவம்."

ஆள் இல்லாத மைதானத்தில் பயிற்சி ஆரம்பமானது. முதல் தடவை சீட்டில் உட்கார்ந்ததும் அதன் ஸ்பிரிங் போட்ட சத்தத்தில், பக்கத்துத் தெரு நாய் தன் இனத்தில் யாரோ போய்விட்டதாக நினைத்து ஊளையிட்டது. முழங்கால் மேலே வரும்போதெல்லாம் வயிற்றில் இடித்து மூச்சை வெளியே தள்ளியது. நாலு மிதி மிதிப்பதற்குள் உள்ளே இருந்த காற்றெல்லாம் தீர்ந்துவிட, சைக்கிள் வேலியைப் பார்த்துப் போனது. வேலி ஒதுங்கவில்லை. இரண்டாம் தடவை பின் டயர் தானாகவே உயிரை விட்டது. மூன்றாம் தடவை சைக்கிள் மட்டும் போனது, அவர் போகவில்லை.

பஞ்சர் ஒட்டிய கடைக்காரர், "ஐயா, வண்டிக்கு நாளைக்கு ஒரு நாள் லீவு குடுங்க" என்றார்.

வாரக் கடைசியில் உடம்பில் வலிக்காத இடம் மூக்குநுனி மட்டும்தான். வீட்டில் படியேற முடியாமல் படியைப் பார்த்து நின்றார். அன்று சாயங்காலம் மைதானத்தில் ஒருவரும் இல்லை. சைக்கிளைச் சும்மா உருட்டிக்கொண்டு போனவருக்கு என்ன தோன்றியதோ, வலிக்குத் தேய்க்க வைத்திருந்த எண்ணெயைத் தொடையில் தடவிக் கம்பிக்குக் கீழே வலது காலைச் செருகினார். அது ஒரு முனகலோடு உள்ளே போனது. வயிறு இடது பக்கம் வெளியே ஜாலியாகத் தொங்கியது. இடிக்க முழங்கால் இல்லை. மிதித்தார். சைக்கிள் கிளம்பிவிட்டது. மைதானத்தை எத்தனை சுற்றுச் சுற்றினார் என்று அவருக்கே தெரியாது. கடைசிச் சுற்றில் முதல் சுற்றின் புழுதி இன்னும் அடங்கவில்லை என்று கடை வாசலிலிருந்தே பார்த்த கடைக்காரர் பிற்பாடு சொன்னார். கடைக்காரர் பஞ்சரில் பொய் சொல்வார். இதில் சொல்ல மாட்டார்.

ஆனால் இதை மனைவியிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் கல்யாணத்தின் அஸ்திவாரத்தில் ஒரு பல்லைப் பிடுங்கின மாதிரி.

ஞாயிறு வந்தது. மேம்பாலத்தின் அடியில் சம்பந்தி மெத்தையைத் தட்டிப் பஞ்சைச் சரிசெய்துகொண்டு நின்றார். மாஸ்டரம்மா புதுச் செருப்பு போட்டு வந்திருந்தார். பல்செட்டார் பாலத்தைப் பார்த்தார். போன வாரம் பார்த்ததைவிட அது உயர்ந்திருந்தது.

"ஏறுங்க, ஏன் நிக்கிறீங்க?" என்றார் மாஸ்டரம்மா.

"ஏம்மா, ஒரு விஷயம். எனக்கு சீட்டுல உக்காந்து ஓட்டத் தெரியாது."

"மறந்துபோச்சா?"

"கத்துக்கவே இல்ல. குரங்குப் பெடல்தான் தெரியும். அன்னைக்குச் சொன்னது பொய்."

சம்பந்தி மீசையைத் தடவி, வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க இருமினார். மாஸ்டரம்மா இருமவில்லை. புருஷனை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு சைக்கிளைப் பார்த்தார்.

"குரங்குப் பெடல் போட்டா சீட்ல யாரு உக்காருவா?"

"யாரும் உக்கார மாட்டாங்க."

"அப்ப காலியாத்தானே கிடக்கும்? சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, இத்தனை வருஷமா. கேரியர்ல உக்கார்றதுக்கு இது எவ்வளவோ மேல். பிடிங்க வண்டிய."

மாஸ்டரம்மா சீட்டில் ஏறி இரண்டு காலையும் வலது பக்கம் போட்டுக்கொண்டார். வலது கை ஹேண்டில்பாரில், இடது கை பல்செட்டாரின் வழுக்கைத் தலையில். அவர் இடது பக்கம் தொங்க, இவர் வலது பக்கம் சாய, தராசு மாதிரி வண்டி நேராக நின்றது. பெண் எடுத்த வீட்டுக்குக் காட்ட வேண்டிய மரியாதைக்காகச் சம்பந்தியே பின்னால் பிடித்துத் தள்ளிவிட்டார்.

சீட்டில் உட்கார்ந்தவன் காலால் மிதிப்பான். குரங்குப் பெடல்காரன் மொத்த உடம்பாலும் மிதிப்பான். பல்செட்டாரின் மொத்த உடம்பு என்பது லேசுப்பட்ட விஷயமில்லை. அது ஒவ்வொரு தடவை கீழே இறங்கும்போதும் சைக்கிளுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

"மூச்சு விடுங்க. லெஃப்ட்ல வாங்க. லாரி வருது, விடுங்க அவன் போகட்டும்" என்று மாஸ்டரம்மா அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். தலை திரும்பிய பக்கம் வண்டி திரும்பியது.

சம்பந்தி தன் சைக்கிளில் ஏறி, அலட்சியமாக அவர்களைத் தாண்டிப் போனார். "கால் படுதான்னு மேலே நின்னு பாக்கிறேன் சம்பந்தி."

பட்டிருக்கும். உச்சிக்குச் சற்று முன்னால் பல்செட்டாரின் நெஞ்சில் யாரோ மாவரைத்தார்கள். கண்ணில் பூச்சி பறந்தது. இடது கால் பெடலைவிட்டுத் தரையைத் தேடிக் கீழே இறங்கியது. தலைக்கு மேலே இருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"ஏங்க, இங்கேருந்து பாத்தா ஊரே தெரியுதுங்க."

அது மாஸ்டரின் குரல் இல்லை. கால் திரும்பப் பெடலுக்கே போய்விட்டது. இன்னும் ஒரு மிதி. ஏற்றம் முடிந்து வானம் வந்தது.

இறக்கத்தைப் பற்றி முழுசாகச் சொன்னால் நம்ப மாட்டார்கள், குறைத்தே சொல்லலாம். பின்காற்று பல்செட்டாரின் சட்டைக்குள் புகுந்து, வயிற்றோடு சேர்ந்து பாய் விரித்தது. பாலத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்து துரத்திப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கித் திரும்பிப்போயின. உச்சியில் நின்று பார்த்துவிட்டு முன்னால் இறங்கிக்கொண்டிருந்த சம்பந்தி மணிச்சத்தம் கேட்டுத் திரும்பினார். அவரைத் தாண்டிய அந்த ஒரு நொடியில் அவர் வாய் குகை மாதிரி திறந்தது. மேல்வரிசை மயிரிழைகூட அசையவில்லை. ஒரு பக்கமாகத் தொங்கிய நிலையிலும் பல்செட்டார் அதைக் கவனித்தார். தொழில் திருப்தி என்றால் அதுதான்.

"பிரேக்கைப் பிடிம்மா" என்று கத்தினார். இடது பிரேக் அவர் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தக் கையை வைத்துத்தான் அவர் தொங்கிக்கொண்டிருந்தார்.

மேலே மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. கூடவே ஒரு சிரிப்பு. கல்யாணமானதிலிருந்து அவர் கேட்டிராத, கொலுசைப் படியில் கொட்டின மாதிரியான சிரிப்பு. பெட்ரோல் பங்க், மருந்துக்கடை, பயிற்சிக் காரில் நடுத்தெருவில் நின்றுபோன ஒரு மாணவர் எல்லாரும் பின்பக்கமாக ஓடினார்கள். மாணவர், "மாஸ்டரம்மா, கிளட்ச்சா பிரேக்கா" என்று கேட்டது பாதிதான் காதில் விழுந்தது.

அடுத்த மேட்டில் ஏறி, அங்கே வேகம் தீர்ந்து, வண்டி ஒரு சுவரில் மரியாதையாகச் சாய்ந்து நின்றது. பல்செட்டாருக்கு மூச்சு வரக் கொஞ்ச நேரமானது.

"ஏம்மா பிரேக் பிடிக்கல?"

"பிரேக்கா?" என்று மாஸ்டரம்மா யோசித்தார். "அப்படி ஒண்ணு இருந்துச்சா?"

பல்செட்டார் சைக்கிளின் கம்பி முக்கோணத்துக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். புதுச்செருப்பில் ஒன்று வழியில் எங்கேயோ போயிருந்தது. வெறும் கால் எதையும் அமுக்காமல், எதையும் தேடாமல், தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

சம்பந்தி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கையில் அந்தச் செருப்பு. "கால் படலை சம்பந்தி. ஒத்துக்கிறேன். இறங்குங்க, டீ சாப்பிடலாம்."

பல்செட்டார் வலது காலை இழுத்துப் பார்த்தார். வீட்டிலேயே தொடையில் தடவி வந்த எண்ணெயெல்லாம் பாலத்திலேயே காய்ந்துவிட்டது. கால் வரவில்லை.

"இறங்க முடியாது போல" என்றார்.

"ரொம்ப நல்லது" என்றார் மாஸ்டரம்மா, சீட்டை விட்டு அசையாமலே. "சம்பந்தி, வண்டியத் திருப்பி வச்சு ஒரு தள்ளுத் தள்ளுங்க."