செத்தவர் போட்ட ஓட்டு

ஓட்டுச்சாவடி வரிசையில் நின்ற மாசாணம் கையிலிருந்த சீட்டை மறுபடியும் எழுத்துக்கூட்டினான். மா, சா, ண, ம். சோமனூர் மில் சங்கத்தில் போன வருசம் படித்த எழுத்து. பேர் சரியாகத்தான் இருந்தது. உள்ளே அதிகாரி கேட்கும்போது இந்தப் பேர் வாயில் வருமா என்பதுதான் அவன் பயம். முப்பத்தோரு வருசமாக அவன் நாக்கில் வேறொருவர் பேர் உட்கார்ந்திருந்தது.

அந்தப் பேர் நாக்கில் ஏறியது, வெள்ளைக்காரன் முதன்முதலாக ஓட்டு வைத்த வருசம். எல்லாருக்கும் இல்லை, தீர்வை கட்டுகிற பண்ணைக்காரர்களுக்கு மட்டும். ஊரில் மொத்தம் ஏழு ஓட்டு. அதில் ஒன்று மாசாணத்தின் எசமான் வெங்கடபதி நாயுடுவுடையது. ஓட்டன்று காலையில் பல் விளக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் சாய்ந்தார். அவ்வளவுதான்.

"அண்ணன் ஓட்டு உழுந்தே ஆகோணும். அதுவரைக்கும் ஒருத்தரும் வாய்விட்டு அழப்படாது" என்றார் தம்பி வேங்கடசாமி. ஓட்டுள்ள மற்றவர்கள் இரண்டாம் தடவை போனால் எழுத்தர் கண்டுபிடித்துவிடுவார். ஓட்டே இல்லாத ஒருத்தன்தான் தோது. மாசாணம் எசமான் உயரம். செத்தவரின் கோட்டை அவனுக்கு மாட்டினார்கள், தலைப்பாகை கட்டினார்கள், நெற்றியில் நாமம் போட்டார்கள். கோட்டில் மூக்குப்பொடி வாசம் இன்னும் போகவில்லை.

யாருக்குப் போடவேண்டும் என்று வேங்கடசாமி ஒரு பேரையும் சொல்லித்தந்தார். ஆனால் வண்டியில் போகும் வழியெல்லாம் அவன் எசமான் பேரையே உருப்போட்டான்.

"பேரு?" என்றார் எழுத்தர்.

"வெங்கடபதி நாயுடுங்க."

"யாருக்கு ஓட்டு?"

"வெங்கடபதி நாயுடுங்க."

"அட, நீரே நிக்கறீரா?" எழுத்தர் சிரித்தார். மறுபடி கேட்டார். சொல்லித்தந்த பேர் நெஞ்சுக்குழி வரைக்கும் வந்தது, நாக்கு புரளவில்லை. அதே பேர்தான் வந்தது. எழுத்தர் காகிதத்தில் குறுக்கே கோடு போட்டுத் தள்ளிவிட்டார்.

ஊட்டுக்கு வந்து, "போட்டாச்சுங்க" என்றான். அவன் தலைப்பாகையைக் கழற்றிய பிறகுதான் ஒப்பாரி கிளம்பியது. அதுவரை எசமானி ரங்கம்மாள் நெற்றிக் குங்குமத்தோடும் கைநிறைய வளையலோடும், சீலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு பிணத்தருகே உட்கார்ந்திருந்தாள். கோட்டோடு அவன் உள்ளே நுழைந்தபோது அவள் பாதி எழுந்து நின்றதை மாசாணம் பார்த்தான். கோட்டைச் சிதையில் போட்டு எரித்தார்கள். அதன் கனம் மட்டும் அவன் தோளைவிட்டு இறங்கவில்லை. காட்டில் தனியாக மண்வெட்டி பிடிக்கும்போது மூக்குப்பொடி வாசம் வரும். யாராவது "மாசாணா" என்று கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுவதுபோல் ஒரு கணம் கழித்துத்தான் திரும்புவான். அரை நாள் பிணத்தைக் காக்கவைத்தது விழாத ஓட்டுக்காக; அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

"ஏய் மாசாணா, உனக்கும் ஓட்டு வந்துருச்சாக்கும்?"

ஓட்டுச்சாவடியில் பெண்கள் வரிசைப் பக்கம் வேப்பமரத்தடி பெஞ்சில் வெள்ளைச் சீலையோடு ரங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"வந்துருச்சுங்க அம்மணி." அவன் வரிசையைவிட்டு அவளருகே போனான். இனிமேல் அடக்க முடியவில்லை. "அன்னைக்கு எசமான் ஓட்டு உழுகலீங்க. நான் கெடுத்துப்போட்டனுங்க. யாருக்குன்னு கேட்டதுக்கும் அவிய பேரையே சொல்லிப்போட்டனுங்க."

ரங்கம்மாள் பொக்கை வாயால் மெல்லச் சிரித்தாள்.

"கொழுந்தனாரு சொன்ன ஆளை அவருக்குப் பிடிக்கவே இல்ல, தெரியுமா? 'அவனுக்குப் போடறதுக்குப் பதிலா என் பேரையே எழுதிப்போட்டு வந்துருவேன்'னு மொத நாள் ராத்திரி என்கிட்டச் சொன்னாரு. எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிஞ்ச பேச்சு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ கெடுக்கலடா. அவருதான் வந்து சொல்லிட்டுப் போயிருக்காரு. நீ நிம்மதியாப் போ."

அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். மாசாணமோ தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இத்தனை வருசமும் நாக்குப் பிசகு என்றுதான் நினைத்திருந்தான். பிசகில்லையா? அன்று பேசியது தன் வாயே இல்லையா? அப்படியென்றால் போனவர் எப்போது போனார்?

திரும்பிப் போய் வரிசையில் சேர்ந்தான்; வரிசை அவனை உள்ளே தள்ளிவிட்டது.

"பேரு சொல்லுங்க பெரியவரே."

வாய் திறந்தது. மூக்குப்பொடி நெடி தொண்டையில் ஏறியது. சீட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து, சங்கத்தில் படிப்பதுபோல் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். "மா... சா... ணம்."

"சத்தமா படிக்கறாரு பாரு!" பின்னாலிருந்தவர்கள் சிரித்தார்கள். விரலில் மை வைத்தார்கள், காகிதம் கொடுத்தார்கள்.

தட்டிக்குப் பின்னால் பெட்டிகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னம். எதில் போடுவது என்று ஒரு மாதத்துக்கு முன்பே முடிவு செய்து வைத்திருந்தான். ஆனால் வலது கை அடுத்த பெட்டியின் பக்கம் நகர்ந்தது. தோளில் கோட்டின் கனம் ஏறிக்கொண்டே இருந்தது. இடது கையால் மணிக்கட்டை இறுகப் பிடித்தான்.

"உங்களுது அன்னைக்கே ஆயிப்போச்சுங்க சாமி," என்றான் மெதுவாக. "இது என்ற சொந்த ஓட்டுங்க."

இரண்டு கையுமாகக் காகிதத்தைத் தான் முடிவு செய்திருந்த பெட்டிக்குள் திணித்தான்.

"யாருங்க அங்க, யார்கூடப் பேசறீங்க?" என்று அதிகாரி அதட்டினார். "உள்ள ஒருத்தருக்கு மேல நிக்கப்படாது."

"ஒருத்தன்தானுங்க," என்றான் மாசாணம். சொல்லிவிட்டு, அது உண்மைதானா என்று பார்க்கத் திரும்பாமல் வெயிலுக்கு வந்தான்.