பெட்டி போக வழி

ஓங்கிய மண்வெட்டியை அப்படியே நிறுத்திவிட்டு லியோன் திரும்பினான்.

“அப்பா, இதுல எது மருந்து, எது புல்லு? சொல்லிட்டீங்கன்னா மருந்த விட்டுட்டு மத்தத வெட்டிர்றோம். பெட்டி இந்தப் பக்கமாத்தான் போவணும்.”

முன்படிக்கட்டு போன மாத மழையில் சரிந்ததோடு சரி, தோட்ட நிர்வாகம் இன்னும் கட்டித் தரவில்லை; முன்வாசலால் பெட்டியை இறக்க வழியில்லை. வீட்டுக்குள் அவன் அம்மா பிலோமினா சவப்பெட்டியில் கிடந்தாள். லயத்து வீட்டுப் பின்கொல்லையில் ஆண்கள் நாலைந்து பேர் அப்பா அருளப்பனின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அருளப்பன் வைத்தியர். யட்டியாந்தோட்டைப் பக்கம் கை கால் முறிந்தால் அவரிடம்தான் வருவார்கள். நாட்டுப்புறச் சிங்களவர்கள்கூட ‘வெத மாத்தயா’, வைத்தியர் ஐயா என்று கும்பிட்டுக்கொண்டு வருவார்கள். எலும்பைப் பிடித்துப் பொருத்துவார், மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார். “பச்ச மருந்து” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தால் போதும், அரைத்த விழுது சிரட்டையில் வந்துவிடும். நடுவதும் காப்பதும் பறிப்பதும் பொம்பளை வேலை. மண்ணில் நிற்கும் இலையை அவர் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

இப்போது பார்த்தார். எல்லாம் பச்சையாக இருந்தது. ஒன்றைக் கிள்ளி மோந்தார். விழுதின் வாசனை அதில் இல்லை. இத்தனை பேர் எதிரில் தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. உள்ளே போய் அவளைக் கேட்டுவிட்டு வரலாம் என்று கால் திரும்பியே விட்டது. அப்போதுதான் அவள் செத்துப்போனது அவருக்கு உறைத்தது.

“எதையும் வெட்டாதீங்க,” என்றார்.

“அப்ப பெட்டி?”

“இஸ்தோப்பு வழியா கொண்டுபோவோம்.”

ஒவ்வொரு வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பிலும் விறகையும் கோழிக்கூட்டையும் நகர்த்தி நகர்த்தி, லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டுப் படி வரைக்கும் பெட்டி ஊர்ந்து போனது. வாசல்தோறும் பெண்கள் அதைத் தொட்டு அழுதார்கள்.

“பொண்டாட்டி வச்ச செடிய மிதிக்கக்கூட விடல மனுசன். என்ன ஒரு பாசம் பாரு,” என்றாள் கடைசி வீட்டு கிறேஸ்.

அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டார். துக்கமும் வெட்கமும் ஒன்றாக வந்து கண்ணில் நீர் வழிந்தது. எதற்காக அழுகிறோம் என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் குளித்த பிறகு, மகள் ஜொய்சி வாளியோடு கொல்லைக்கு வந்தாள். அவர் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்.

“அம்மா படுத்ததுல இருந்து மருந்துச் செடிக்கு யாரும் தண்ணி ஊத்தல. எது எதுன்னு காட்டுங்கப்பா.”

“எல்லாத்துக்கும் ஊத்து.”

“புல்லுக்குமா?”

“புல்லுக்குந்தான்.”

ஜொய்சி அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஓரத்திலிருந்து ஒன்றுவிடாமல் ஊற்றத் தொடங்கினாள்.