சம்பந்தி நடித்த படம்

என் சம்பந்தி சினிமாவில் நடித்தவர். இதை நான் சொல்லவில்லை, அவர் சொல்கிறார். அவர் மகனுக்கு என் மகளைப் பேச வந்த முதல் நாளே சொன்னார். பெண்ணைப் பற்றியோ பையனைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. உட்கார்ந்தார், மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார், "நான் ஒரு படத்துல வந்திருக்கேன், தெரியுமா?" என்றார்.

எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன். டிக்கெட் இல்லாதவன் எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் எனக்கு மூக்கில் வாசம் அடித்துவிடும். ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டே ஒரு பெட்டியில் பதினோரு பேரைப் பிடித்தேன். பன்னிரண்டாவது ஆள் பயந்துபோய் அடுத்த பெட்டியிலிருந்து தானாகவே ஓடிவந்து அபராதம் கட்டினான். சம்பந்தி சினிமாவைப் பற்றி வாய் திறக்கும்போதெல்லாம் எனக்கு அதே வாசம்தான்.

"எந்தப் படம்?" என்று அன்று கேட்டேன்.

"மாடிப்படிப் படம்."

அதன் நிஜப் பெயர் ரயில் மாதிரி நீளமானது. ரசிகர்கள் சுருக்கமாக மாடிப்படிப் படம் என்பார்கள். பழைய ஸ்டூடியோ ஒன்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அதற்காக ஸ்டூடியோவுக்குள் போட்ட மாடிப்படி அவ்வளவு உயரமாம், மேல்படியில் நின்ற நாயகிக்கு ஜலதோஷம் பிடித்ததாம். ஸ்டூடியோவை மூடினார்கள், படங்கள் கைமாறின, மாடிப்படிப் படம் கேசட்டாகவும் வரவில்லை, டிஸ்க்காகவும் வரவில்லை. ஒரே ஒருமுறை டிவியில் போட்டார்கள். பிரதி அவ்வளவு இருட்டு, நாயகியின் பல் மட்டும்தான் தெரிந்தது.

"எந்த இடத்துல வர்றீங்க?"

"மாடிப்படி சீன்ல."

"என்ன வேஷம்?"

"படம் வரட்டும் சம்பந்தி, நிறுத்திக் காட்டுறேன்."

கல்யாணம் முடிந்தது, பேரப் பிள்ளைகள் பிறந்து கல்லூரிக்கும் போய்விட்டார்கள். பதில் மட்டும் மாறவில்லை. படம் வரட்டும்.

ஆகவே படத்தை வரவைப்பது என்று நான் முடிவு செய்தேன். மூக்குக் கண்ணாடிக் கடை மாடியில் பழைய படங்களுக்கென்று ஒரு ரசிகர் சங்கம் கூடும். தலைவர் பல் டாக்டர். செயலாளர் சாட்சாத் என் சம்பந்தி. மற்றவர்கள் படத்தின் மேல் உள்ள காதலால் சேர்ந்தார்கள், நான் ரிமோட்டில் உள்ள நிறுத்தும் பொத்தானை நம்பிச் சேர்ந்தேன். படங்களை வாங்கி வைத்திருந்த கம்பெனிக்கு மாதம் தவறாமல் வேண்டுகோள் அனுப்பினோம். 'பரிசீலனையில் உள்ளது' என்று மாதம் தவறாமல் பதில் வந்தது. எங்களிலேயே உரக்கக் கத்தியவர் சம்பந்திதான். அவர் மேஜையைத் தட்டிப் பேசினால் கீழே கடையில் கண்ணாடிகள் மூக்கிலிருந்து நழுவும்.

ஒரு கூட்டத்தில் பல் டாக்டர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். "வருது. மாடிப்படி வருது. கம்பெனிக்காரங்க கழுவிக்கிட்டிருக்காங்களாம். கீறல், கறை, தப்புத் தண்டா எல்லாத்தையும் எடுத்துடுவாங்களாம். பாலிஷ் போட்ட பல்லு மாதிரி வந்து நிக்கப்போகுது."

எல்லோரும் கைதட்டினோம். சம்பந்தி தட்டவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டார், "தப்புன்னா எதையெல்லாம் சொல்றாங்க?"

"எல்லாத்தையும்தான்."

"எதுக்கு இவ்வளவு அவசரம்? இருக்கிறபடியே போட்டா என்னவாம்?"

இத்தனை காலம் கத்தியவர் வாயில் இந்தக் கேள்வி. என் மூக்கு துடித்த துடிப்பில் கண்ணாடியே ஆடியது. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன், "உன் சம்பந்தி மாட்டிக்கிட்டார்."

"மாட்டினா உங்களுக்கு ப்ரொமோஷனா? ரிடையர் ஆயாச்சு, ஞாபகம் இருக்கட்டும். போறவர் வர்றவர்கிட்டல்லாம் டிக்கெட் கேட்காதீங்க."

"படம் வெளிய வரக்கூடாதுன்னு எதோ பண்றார்."

"அவரு அவமானப்பட்டா அந்த வீட்டுல உங்க பொண்ணுதான் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு உட்காரணும். அதையும் யோசிங்க."

யோசித்தேன். யோசித்துக்கொண்டே மறுநாள் அவரைப் பின்தொடர்ந்தேன். காதை மறைக்கும் தொப்பி, மனைவியின் கறுப்புக் கண்ணாடி. அந்த வேஷத்தில் என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. பஸ் கண்டக்டர் மட்டும், "என்ன சார், கண்ணுல ஆபரேஷனா?" என்றார். சம்பந்தி முன்சீட்டில் இருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. புதிதாகச் சலவை செய்த சட்டை. சதி செய்யப் போகிறவன்தான் அப்படிச் சட்டை போடுவான் என்று முடிவு கட்டினேன்.

கிடங்குகள் வரிசையாக உள்ள தெருவில் இறங்கினார். கடைசிக் கட்டடத்தில் கம்பெனியின் பெயர்ப்பலகை. வாசலில் இருந்த காவலாளி அவரைப் பார்த்துத் தலையாட்டினார். பழக்கமான தலையாட்டல், ஆக இது முதல் தடவையும் இல்லை. அவர் உள்ளே போனதும், "அவரோட வந்தவன்" என்று சொல்லி நானும் நுழைந்தேன்.

உள்ளே ஐஸ்பெட்டிக் குளிர். கூரைவரை அலமாரிகள், அவற்றில் படச்சுருள் டப்பாக்கள், எங்கும் பழைய பிலிமின் புளித்த நெடி. கோடியில் ஒரு அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அலமாரி மறைவில் நின்று எட்டிப் பார்த்தேன். இரண்டு பெரிய திரைகளுக்கு முன்னால் ஓர் இளம்பெண், கழுத்தில் ஹெட்போன். பக்கத்தில் ஸ்டூலின் விளிம்பில் என் சம்பந்தி.

"போன வாரமே சொன்னேன்ல சார்."

"இன்னொரு தடவை மட்டும் பாரும்மா."

அவள் பெருமூச்சு விட்டு எதையோ அழுத்தினாள். திரையில் மாடிப்படி. நாயகி எதையோ சொல்ல வாயெடுக்கிறாள். அவளுக்குப் பின்னால் வெள்ளைச் சுவரில் நீளமாய் ஒரு நிழல் வந்து விழுந்தது.

"இதோ, இந்தக் கம்புதான் மைக் கட்டுற கம்பு. நுனியில தொங்கறது மைக்கு. கம்பைப் பிடிச்சிருக்கிறவன் நான். இது என் தலை, இது முழங்கை. காலையிலேர்ந்து அதே ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுத்தாங்கம்மா. கை விட்டுப்போச்சு. லேசா இறக்கிட்டேன், நிழல் செவுத்துல விழுந்துடுச்சு. எவனும் கவனிக்கல."

"அதான் சார் தப்பு. தப்பை எடுக்கிறதுதான் என் வேலை."

"அதை எடுத்துட்டா நான் அங்க இருந்ததுக்கு வேற என்னம்மா இருக்கு? டைட்டில்ல பேரு போடல. போட்டோவுல நான் இல்ல. அந்த ஸ்டூடியோவே இப்ப இல்ல."

"டைரக்டரே வேணும்னு வச்ச நிழல்னா தொடமாட்டோம் சார், அது எங்க ரூல். கைவலின்னு எழுதினா மேல இருக்கிறவங்க என்னை என்ன நினைப்பாங்க?"

சம்பந்தி எழுந்தார். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, இல்லாத கம்பைப் பிடித்து, இடது தோளைச் சரித்து நின்று காட்டினார். அவள் அதற்குள் திரையின் பக்கம் திரும்பிவிட்டாள். அவர் கையை இறக்கவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, என் அலமாரியைத் தாண்டி வெளியே போனார்.

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நடிப்பும் இல்லை, வேஷமும் இல்லை, கைவலி. ஆனால் அந்த மனிதர் கையில் டிக்கெட் இருந்தது. எழுத்து மங்கிய டிக்கெட்தான். மங்கிய டிக்கெட்டை நான் என் வாழ்நாளில் கிழித்ததில்லை. போதாததற்கு, நான் அரும்பாடுபட்டு வளர்த்த சந்தேகத்தை யாரோ ஒரு பெண் மவுஸை ஒரு தட்டு தட்டித் துடைத்துவிட்டுப் போவதா?

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். "மாடிப்படிப் படத்தை ஆராய்ச்சி செய்யறவன்" என்றேன்.

"யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?"

"அந்த நிழலை எடுக்கப் போறீங்களாமே. அது விதிம்மா."

"என்ன சார்?"

"விதி தூண்டில் போடுது. கம்பைப் பாருங்க. நுனியில தொங்குறதைப் பாருங்க. சரியா அவ வாயைத் திறக்கிறப்ப வந்து நிக்குது. மீன் மாட்டிடுச்சு. இதைப் பத்தி எட்டு நாட்டுல புஸ்தகம் வந்திருக்கு."

"ஒரு புஸ்தகத்தோட பேரு சொல்லுங்க, போதும்."

"எதுவும் இப்ப அச்சுல இல்ல."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். நான் பயணிகளைப் பார்த்த பார்வை அது. "அச்சு அசல் மைக்கு மாதிரியே இருக்கே சார்."

"விதி பின்ன எது மாதிரி இருக்கும்னு நினைச்சீங்க?"

"இப்ப வந்துட்டுப் போன பெரியவர் அது தன்னோட முழங்கைன்னு சொன்னாரே."

இந்த இடத்தில்தான் எனக்கு நாக்கு சறுக்கி, சம்பந்தியையே விட்டுக்கொடுத்தேன். "நல்ல கலைன்னா நாலு பேர் சொந்தம் கொண்டாடத்தான் செய்வாங்க" என்றேன். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மவுஸிலிருந்து கையை எடுத்து, மேலே அனுப்பும் குறிப்பில் 'விதி, தூண்டில்' என்று எழுதினாள்.

டிஸ்க் வெளிவந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை மதியம், சம்பந்தி வீட்டுக் கூடத்தில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். சம்பந்தி அதே சலவைச் சட்டையில் இருந்தார், முகத்தில் ஈயாடவில்லை. நிழல் இருக்குமா இருக்காதா என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மாப்பிள்ளை படத்தோடு வரும் விளக்க உரையைப் போட்டுவிட்டார். படம் ஓட ஓட, யாரோ ஒரு பேராசிரியர் பேசிக்கொண்டே வந்தார்.

மாடிப்படிக் காட்சி வந்தது. வெள்ளைச் சுவரில் நிழல் கருகருவென்று விழுந்தது. சம்பந்தி துள்ளி எழுந்தார். "நிறுத்து. அதோ பாரு. அது நான்."

மாப்பிள்ளை நிறுத்துவதற்குள் பேராசிரியர் முந்திக்கொண்டார். "கவனியுங்கள். இந்த நிழல் தற்செயலானது அல்ல. இது விதியின் தூண்டில். இயக்குநரின் மிக ஆழமான குறியீடு. இதை மைக் என்று தவறாக எண்ணுவோரும் உண்டு." கடைசி வாக்கியத்தில் லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

"பார்த்தீங்களாப்பா, குறியீடாம்" என்றார் மாப்பிள்ளை, படத்தை நிறுத்திவிட்டு.

"குறியீடு இல்லடா. கைவலி."

கூடம் முழுக்கச் சிரிப்பு. "மாமா, செம ஜோக்கு" என்று என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சம்பந்தி எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். திரையைச் சுட்டிய கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அதை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "நீங்க ஏன் வாயே திறக்கல? இத்தனை வருஷமா இதுக்குத்தானே காத்திருந்தீங்க? கேளுங்க டிக்கெட்டை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சம்பந்தி மட்டும் தரையைப் பார்த்தார்.

"அது அவர்தான்" என்றேன்.

ஒருவரும் நம்பவில்லை. நான் எழுந்துபோய்ச் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒட்டடைக் கம்பை எடுத்து வந்து சம்பந்தியின் கையில் திணித்தேன். மேசை விளக்கைத் தரையில் வைத்துப் போட்டேன். "தூக்கிப் பிடிங்க சம்பந்தி. காலையிலேர்ந்து பிடிச்சிட்டிருக்கீங்க. கை விட்டுப்போச்சு."

அவர் தூக்கினார். இடது தோள் தானாகச் சரிந்தது, தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கூடத்துச் சுவரில் விழுந்த நிழலும், டிவியில் உறைந்து நின்ற நிழலும், ஒட்டடையைத் தவிர எந்த வித்தியாசமும் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். மாப்பிள்ளை டிவி அருகே போய் முழங்காலிட்டு அந்த முழங்கையைத் தொட்டுப் பார்த்தார். "அப்பா" என்றார்.

"நான்தான் எப்பவோ சொன்னேனே" என்றார் சம்பந்தி. ஆனால் அவர் பார்வை மகன் மேல் இல்லை, என் மேல் இருந்தது. கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் பக்கத்து நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தார். மற்றவர்கள் டிவியைச் சூழ்ந்துகொண்ட நேரம் பார்த்து மெல்லக் கேட்டார், "கை விட்டுப்போச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"தோணுச்சு."

"விதி, தூண்டில்னு அவங்களுக்கு யாரு சொல்லியிருப்பாங்க?"

"எனக்கென்ன தெரியும்?"

"பொய்."

"ஆமா."

அவர் என்னை விட்டுக் கண்ணை எடுக்காமல், மாப்பிள்ளையிடம் ரிமோட்டுக்காகக் கை நீட்டினார். பேராசிரியரின் குரலை அணைத்தார். காட்சியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி மறுபடி ஓடவிட்டார்.