மண்ணுக்கு ஒரு ஓட்டை

இதனால் மலைநாட்டார் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: நிகழும் 1941ஆம் வருஷம் ஆவணி மாதம் முதல் ஞாயிறன்று, அர்த்தனாரியின் வீட்டுச் சுவரிலுள்ள இரண்டு ஓட்டைப் பிளக்கு நீக்கப்பெற்று, அவ்விடத்தில் மூன்று ஓட்டைப் பிளக்கு பதிக்கப்பெறும்.

தமுக்கடிக்க ஆளில்லாததால் அர்த்தனாரியே வீடு வீடாகப் போய்ச் சொல்லி வந்தான். சேலத்தில் வயர் வேலைக்காரர்களுக்கு ஆறு மாதம் ஏணி சுமந்ததில் அவனுக்குக் கிடைத்தது அந்தப் பழைய பிளக்கு. கூடவே கொஞ்சம் தலைக்கனம். புதியதைப் பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு கொடுத்து வாங்கி, மடியில் கட்டிக்கொண்டு மலையேறியிருந்தான்.

ஞாயிறன்று பக்கத்து வீட்டுச் சென்றாயன் முதல் ஆளாக வந்து சம்மணம் போட்டான். பின்னாலேயே ஊரும் வந்தது.

“ரெண்டு ஓட்டை பத்தாம மூணாவது எதுக்குங்க மாப்ளே?” என்று கேட்டான் சென்றாயன்.

“அது மண்ணுக்கு. கரண்ட்டு தப்பித் தவறி வெளிய வந்தா, அந்த வழியா மண்ணுல எறங்கீரும். மனுசன் உசுரு பொழைக்கும்.”

சொல்லிவிட்டு உளியை எடுத்தான். அவன் மனைவி மாதம்மாள் வந்து சுவரை மறைத்து நின்றாள்.

“ஏனுங்க, அதத் தொடாதீங்க.”

“நவுரு புள்ளே. நாலு சனம் பாக்குது.”

“உள்ள கொளவி கூடு கட்டியிருக்குது.”

இரண்டு ஓட்டையிலும் செம்மண் அப்பியிருந்தது.

“கொளவி குடியிருக்கவா மாப்ளே இத்தன நாளா பிளக்கு வெச்சிருந்தீங்க?” என்றான் சென்றாயன். ஊர் சிரித்தது.

அர்த்தனாரிக்கு முகம் சுண்டிவிட்டது. உளியை ஓங்கினான். மாதம்மாள் நகரவில்லை, குரலை மட்டும் அவன் காதளவுக்குத் தாழ்த்தினாள்.

“கொளவி கூடு கட்டுனா ஊட்டுல கொழந்த வரும்பாங்க. எனக்கு ரெண்டு மாசமா நாள் தள்ளிப் போயிருக்குதுங்க. முன்ன ரெண்டும் தங்கல. இதையும் கலைச்சுப்புட்டா...” ஓட்டையில் அப்பியிருந்த செம்மண்ணைக் காட்டினாள். “மண்ணு உசுரக் காக்கும்னு இப்பத்தான சொன்னீங்க. இங்க இருக்கறதும் மண்ணுதானுங்களே.”

அர்த்தனாரி உளியைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினான்.

“விசேஷம் தள்ளி வெச்சாச்சு. எல்லாரும் போயிட்டு வாங்க.”

“எத்தன நாளைக்குங்க மாப்ளே?”

“ஏழு மாசத்துக்கு.”

சென்றாயன் விரல்விட்டு எண்ணினான். எண்ணி முடித்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு துண்டை உதறி எழுந்தான்.

மூன்று ஓட்டைப் பிளக்கு தினைப் பானைக்குள் போயிற்று. அன்றுமுதல் அந்தச் சுவரோரம் யாரையும் தும்மக்கூட அர்த்தனாரி விடவில்லை. “தள்ளிப் போங்க, உள்ள கரண்ட்டு ஓடுது” என்று விரட்டினான்.

கொல்லிமலையில் அப்போது கரண்ட் கிடையாது.